குறை வாசித்த சனிக்கிழமை

காலை பத்து இருபதுக்கு என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். மண்டபத்தின் சுவர்க் கடிகாரத்தை அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெங்கும் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

மேடையில் ஹெட்மாஸ்டர் மாமா. கீழே, கூட்டத்தின் நடுவில், என் மகள் நளாயினி. பதினாறு வயது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. அவள் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லவில்லை.

மண்டபம் காத்திருந்தது. மேலே மின்விசிறி கடகடத்தது. பின்கட்டில் யாரோ தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மீன் ரோல் பொரிக்கும் வாசனை வந்தது.

அப்போதுதான் என் கணவர் எழுந்தார். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன்போல விறைத்து நின்று, "ஐ ஸ்டாண்ட் கரெக்டட், சார்" என்றார்.

என் பிழை திருத்தப்பட்டது, ஐயா. மகள் சொல்ல வேண்டியதைத் தகப்பன் சொல்லிவிட்டார்.

மண்டபம் கைதட்டியது. நளா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இத்தனை ஆண்டுகள் வலித்திருக்காது. தெரியாத ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

இந்தத் தொடரில் இதுவரை கல்யாணங்களையும் கறிகளையும் பற்றி எழுதி வந்தேன். "அடுத்து தீபாவளி முறுக்கு எழுதுங்கள் அக்கா" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முறுக்கு காத்திருக்கட்டும். போன வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில், கேக் வெட்ட நின்ற சிறுமியின் இங்கிலீஷை ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் திருத்தினார். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியது. இந்த வாரம் என்னிடம் கோபம் மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு கரை

நான் அந்தக் கூட்டத்துக்கு மருமகளாக வந்தவள். பிறந்தது பினாங்குத் தீவுக்கு எதிரே, கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபாலுக்கு அருகே ஒரு தோட்டத்தில். அப்பா அங்கே கிராணி, தோட்டத்துக் கணக்கர். பட்டர்வொர்த்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று, பினாங்குத் தீவில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

என் கணவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா குமாஸ்தா, அப்பா குமாஸ்தா, சித்தப்பா ரயில்வேயில் குமாஸ்தா. எங்களுக்குக் காதல் கல்யாணம். அவருடைய வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. "அந்தப் பிள்ளை இங்கிலீஷ் பேசுமாம்" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள்.

தீவின் நகரமான ஜார்ஜ் டவுனில் எங்கள் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு மண்டபமும் சங்கமும் இருந்தன. ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, பள்ளி விடுமுறையில், பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேச்சுப் போட்டி. நடுவர் எப்போதும் ஹெட்மாஸ்டர் மாமாதான். ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகியும் பெயர் ஓய்வுபெறவில்லை. எல்லாருக்கும் அவர் மாமா. என் கணவருக்கு உறவிலேயே மாமா முறை; ஆனாலும் சிறு வயதில் அவரிடம் படித்ததால் இவர் வாயில் 'சார்' தவிர வேறொன்று வந்ததில்லை. இருவரும் தமிழில் பேசி நான் கேட்டதுமில்லை.

போட்டி என்றால் பரிசு என்று நினைப்பீர்கள். பரிசு கடைசியில்தான். அதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. அதைக் 'குறை வாசித்தல்' என்பார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் பேசி முடித்த பிறகு ஹெட்மாஸ்டர் மாமா மேடை ஏறுவார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். அது விட்ட பிழையை அவர் உரக்கச் சொல்வார். பிள்ளை சரியான வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லி, 'ஐ ஸ்டாண்ட் கரெக்டட், சார்' என்று முடிக்க வேண்டும். உடனே எல்லாரும் கைதட்டுவார்கள். அடுத்த பிள்ளை.

வெளியாள் ஒருவருக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார். பெற்றோர் அதற்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வருவார்கள். பின்னாளில் கல்யாணப் பேச்சில்கூட அது வரும். "எந்தப் பெடியன்? போட்டியிலை இறந்தகாலத்தைப் பிழைவிட்டானே, அவனோ?" அந்தப் பையன் அப்போது டாக்டராகி, தலை வழுக்கை விழுந்திருப்பான்.

நளாவின் முறை

நளா அந்த ஆண்டு எடுத்த தலைப்பு 'என் ஊர்'. தானே எழுதினாள். எங்கள் இருவருக்கும் காட்டவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டுப் பேசிப் பார்த்தாள்.

மேடையில் அவள், தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே ஓடும் ஃபெரியைப் பற்றிப் பேசினாள். விடுமுறைக்கு அம்மாச்சி வீட்டுக்கும் என் தம்பி வீட்டுக்கும் போகும்போது, ஃபெரியின் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால், கடிகாரக் கோபுரமும் கிடங்குகளும் மலையும் மெல்லச் சிறுத்து ஒரே படமாகும் என்றாள். இந்த ஊரை உண்மையாக அறிய வேண்டுமென்றால் தண்ணீரைத் தாண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று முடித்தாள். அவள் சொன்ன அந்தப் பக்கம் என் பக்கம்.

'உண்மையாக அறிய' என்பதை அவள் இங்கிலீஷில் 'டு ட்ரூலி நோ' என்று சொல்லியிருந்தாள். அதுதான் பிழை. 'டு'வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் இன்னொரு சொல் நுழையக்கூடாதாம்.

ஹெட்மாஸ்டர் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நகைச்சுவை வரப்போவதற்கான அறிகுறி. பிறகு இங்கிலீஷில் சொன்னார்: "பிள்ளை நம்மைத் தண்ணீரைத் தாண்டிப் போகச் சொல்கிறது. போக வேண்டியதில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கத்து இங்கிலீஷ் இங்கேயே வந்து சேர்ந்துவிட்டது."

மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நளா வாய் திறக்காமல் நின்றது. அதற்குப் பிறகுதான் கடிகாரம் பத்து இருபது காட்டியது.

கடைசி வெள்ளைக்காரர்

கொஞ்சம் வழிமாறிப் போகிறேன். இதைச் சொல்லாமல் என் கோபத்தின் அளவு புரியாது.

கப்பல் கம்பெனியில் நான் சேர்ந்தபோது மேலாளராக ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அந்த அலுவலகத்தின் கடைசி வெள்ளைக்காரர். சுருட்டுப் புகையோடு கடிதம் சொல்வார். நான் எழுதி, தட்டச்சு செய்து கொண்டுபோவேன். ஒருநாள் சரக்கை முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று ஒரு கடிதம். 'டு ஃபுல்லி இன்ஸ்பெக்ட்' என்று சொன்னார். தட்டச்சுப் பள்ளியில் இந்த விதியை எனக்கும் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் பாவம், அவருடைய மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து 'ஃபுல்லி'யை இழுத்துப் பின்னால் வைத்துவிட்டேன்.

அவர் படித்தார். "இதை யார் நகர்த்தியது?" என்றார். விதியைச் சொன்னேன். "என் அம்மா இப்படித்தான் பேசுவாள். அவளிடம் யாரும் விதி சொன்னதில்லை" என்று சிரித்துவிட்டு, சொன்னபடியே திரும்ப அடிக்கச் சொன்னார். கார்பன் தாளை மாற்றிக்கொண்டு நான் முதலிலிருந்து அடித்தேன்.

பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். இங்கிலீஷில் 'டு' போட்டுச் சொல்லும் அந்த வினை, லத்தீன் மொழியில் ஒரே சொல்லாம்; பிளக்க முடியாதாம். லத்தீனைப் பெரிதாக மதித்தவர்கள், இங்கிலீஷிலும் பிளக்காமல் இருப்பதே அழகு என்று சொல்லிப் பரப்பினார்களாம். நல்ல எழுத்தாளர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவே இல்லையாம்.

தமிழிலும் 'அறிய' ஒரே சொல்தான். நடுவில் ஒன்றும் நுழையாது. அதற்காக நாம் யாரும் வெள்ளைக்காரப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்தவில்லையே.

என்னைக் கேட்டால், நடுவில் ஒரு சொல் வரலாம். அங்கே வந்தால்தான் அர்த்தம் நேராக நிற்கிறது என்றால் வரத்தான் வேண்டும். நாலைந்து சொல்லை அடுக்கித் திணித்தால் காது வலிக்கும்; அது வேறு கதை. நளா ஒரே ஒரு சொல்லைத்தான் வைத்தாள். அவள் சொல்ல வந்ததன் உயிரே அந்தச் சொல்லில்தான் இருந்தது.

போவதற்குக் காசில்லை

தேநீர் இடைவேளையில் நளாவின் நாற்காலி காலியாக இருந்தது.

"முகம் கழுவப் போயிருப்பாள். நீர் பதறாதையும்" என்றார் மச்சாள். என் கணவரின் அக்கா. கையில் ரோல் இருந்தது. "ரோசக்காரி. அது உம்மட பக்கம்."

பின்கட்டில் இல்லை. வாசலில் இல்லை. வீட்டுக்கு ஓடினேன், பூட்டு தொங்கியது. அவளுடைய தோழி வீட்டுக்குப் போனேன். அந்தச் சீனப் பெண் தலையை உலர்த்திக்கொண்டே வந்து, "வரலையே ஆன்டி" என்றாள். பாடாங் கடற்கரைத் தடுப்புச் சுவர் நெடுகப் பார்த்தேன். மழை பிடித்துக்கொண்டது. சேலை காலோடு ஒட்டியது.

அந்தக் கரையில், ஜுருவில், என் தம்பி செல்வம் காடிப் பட்டறை வைத்திருந்தான்; கார்களைப் பழுதுபார்ப்பான். அவள் அங்கே போயிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. அவனிடம் போன் கிடையாது. பக்கத்து டயர் கடைக்குப் போட்டால் கூப்பிட்டுத் தருவார்கள். ஒரு காப்பிக் கடையிலிருந்து போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜெட்டிக்குப் போனேன். பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தெற்கே தூரத்தில் தூண்கள் கடலிலிருந்து முளைத்து நின்றன. ஃபெரி ஒன்று வாயைத் திறந்துகொண்டு வந்து ஒட்டியது. டீசல் நாற்றம், சேற்று நாற்றம், நனைந்த சைக்கிள்கள். சீருடைக்காரர் ஒருவரிடம் கேட்டேன்: வெள்ளைச் சட்டை போட்ட பெண், ஒற்றைச் சடை, தனியாகப் போனாளா?

"நிறையப் பேர் போறாங்க அக்கா. இந்தப் பக்கம் யாரு பாக்குறா?" என்றார்.

உண்மைதான். எங்கள் ஃபெரிக்குத் தீவிலிருந்து போவதற்குக் காசில்லை. அந்தக் கரையிலிருந்து வருவதற்குத்தான் காசு. போகிறவர்களை யாரும் நிறுத்துவதில்லை, யாரும் முகம் பார்ப்பதில்லை.

ஜெட்டியின் பலகை இடுக்கு வழியே கீழே தண்ணீரைப் பார்த்தேன். கறுப்பாக, எண்ணெய்ப் படலத்தோடு, தூணில் மோதிக்கொண்டிருந்தது. அப்போது மனதில் வந்ததை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

இப்போது அவளுக்கு வேலை, குடும்பம், வேறு ஊர். ஞாயிற்றுக்கிழமை போன் வரத் தாமதமானால் எனக்கு அந்தப் பலகை இடுக்குத்தான் தெரிகிறது.

தேநீர் கொடுக்காத வீடு

வீடு திரும்பியபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்; மச்சாளும் கூட வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன். "பொம்பிளைப் பிள்ளை. பேர் கெட்டுப்போகும்" என்றார் மச்சாள். பேர்! ஒரு மண்டபமே சிரித்தபோது கெடாத பேர்.

"நீங்க ஏன் அதச் சொன்னீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

குனிந்து செருப்பின் வாரைத் தளர்த்தினார். பிறகு, "தெரியாது. அவள் சொல்லாமல் நிண்டாள். எனக்குக் கால் தானா எழும்பிவிட்டுது" என்றார்.

பொய்யில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் அதே மண்டபத்தில், அதே மனிதருக்கு முன்னால், ஆண்டுதோறும் நின்றவர் அவர். குறை வாசிக்கும் நாளுக்கு முந்தைய இரவு அவருக்கு வயிற்றால் போகுமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

மதியம் சாய்ந்தபோது வாசலில் டிரைஷா, மூன்று சக்கர மிதிவண்டி, வந்து நின்றது. பிளாஸ்டிக் மறைப்பை விலக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் மாமா இறங்கினார். மச்சாள் சேலையைச் சரிசெய்துகொண்டு சமையலறைக்கு நடந்தார். "கேத்தில் வைக்காதீங்க" என்றேன். "என்ன?" என்றார். "தேத்தண்ணி வேண்டாம்னேன்."

எங்கள் வீடுகளில் கடன் கேட்டு வருகிறவனுக்கும் தேநீர் உண்டு. மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் பாத்திரம் உருகியிருக்கும். முணுமுணுத்துக்கொண்டே தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

ஹெட்மாஸ்டர் மாமா என்னிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவார். என் இங்கிலீஷைக் கேட்க விருப்பமில்லையோ என்னவோ.

"பிள்ளை வந்திட்டாளோ?"

"இல்ல."

"இந்தக் காலத்துப் பிள்ளையள் ஒரு சொல்லுத் தாங்காதுகள்."

"ஒரு சொல்லா, மாமா? பிழையச் சொல்லிட்டு விட்டிருக்கலாம்ல. தண்ணிக்கு அந்தப் பக்கம்னு எதுக்குச் சொன்னீங்க? அது அவளையா, என்னையா?"

"நான் பகிடிக்கெல்லோ சொன்னனான்."

"எல்லாரும் சிரிச்சாங்க. அவ சிரிக்கல."

அவர் தரையைப் பார்த்தார். நான் விடவில்லை. வெள்ளைக்கார மேலாளரின் கதையைச் சொன்னேன். அவனே அப்படித்தான் எழுதுகிறான், அவன் அம்மாவே அப்படித்தான் பேசுகிறாள், யாருக்காக இந்தக் காவல் என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். கோபமில்லை. மிகத் தெளிவாகச் சொன்னார்:

"வெள்ளைக்காரன் பிழை விடலாம், பிள்ளை. அது அவன்ரை பாஷை. நாங்கள் விடேலாது."

பிறகு, யாரும் கேட்காமலே, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ரயில்வே குமாஸ்தா. ஒரு கடிதத்தில் ஏதோ பிழை. துரை எல்லாக் குமாஸ்தாக்களையும் கூட்டி, அவரை நடுவில் நிறுத்தி, கடிதத்தை அவர் வாயாலேயே வாசிக்கவைத்தாராம். கடைசியில் அந்த வாக்கியத்தைச் சொல்லவைத்தாராம்.

"எந்த வாக்கியம்?" என்றேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"அதே வாக்கியந்தான்" என்றார். "அதுக்குப் பிறகு அப்பா ஒரு பிழை விடேல்லை. எங்கட ஆக்கள் இந்த ஊரிலை தலை நிமிர்ந்து நிண்டது அப்பிடித்தான்."

அவருக்காக நான் இரக்கப்பட்டிருக்க வேண்டும். உங்களில் பாதிப்பேர் இப்போது இரக்கப்படுவீர்கள். எனக்கு வரவில்லை. தன் தகப்பனுக்குத் துரை கொடுத்த விஷத்தைச் சிந்தாமல் எடுத்துவந்து, பட்டுச் சேலையும் மீன் ரோலும் சேர்த்து, ஆண்டுதோறும் எங்கள் பிள்ளைகளுக்குப் பரிமாறியிருக்கிறார். துரை கப்பலேறிப் போய் எத்தனை காலமாயிற்று! நாங்கள் இன்னும் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். போதாதற்குக் கைதட்டல் வேறு. அந்தத் துரைகூடக் கைதட்டச் சொல்லியிருக்கமாட்டான்.

ஜுருவிலிருந்து

போன் அடித்தது. நான் பாய்ந்து எடுத்தேன்.

"அக்கா, பதறாத லா. பாப்பா நம்ம வீட்லதான் இருக்கு." செல்வம். பின்னால் டயர் கடையில் காற்றடிக்கும் இரைச்சல். "டயர் கடைத் தவுக்கே, அதான் மொதலாளி, இப்பதான் கடையத் தொறந்தாரு. அதான் லேட்டு. நல்லா நனஞ்சி வந்துச்சி. துணி மாத்திக்கிட்டு, சோறு தின்னுட்டு உக்காந்திருக்கு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "உடனே கூட்டிட்டு வா தம்பி."

"வரமாட்டேங்குது. நானும் சொல்லிப் பாத்துட்டேன். மச்சான் வந்து கூப்பிடணுமாம்."

"வருவாரு. இப்பவே வருவாரு."

"அது மட்டும் இல்லக்கா." அவன் தயங்கினான். "மச்சான் என்னமோ சொன்னாராமே, மண்டபத்துல? அத அவரே அந்த வாத்தியார்கிட்டத் திருப்பி வாங்கணுமாம். இல்லன்னா இங்கயே இருந்துக்குதாம். பள்ளிக்கூடத்த இங்க மாத்திக்கிறேன்னு சொல்லுது. என்னக்கா நடந்துச்சி? யாராச்சும் அடிச்சிட்டானுங்களா? சொல்லு, நான் வரேன்."

"யாரும் அடிக்கல" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நளா என்ன கேட்கிறாள் என்பதை ஹெட்மாஸ்டர் மாமா முன்னாலேயே உரக்கச் சொன்னேன். ஒரு சொல் குறைக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் மாமா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டார். பிறகு என் கணவரைப் பார்த்து இங்கிலீஷில், "நடராசா, பிள்ளைகளுக்கு இவ்வளவு இடம் கொடுக்கக்கூடாது. இன்றைக்கு நீ வளைந்தால் நாளைக்கு அவள் எங்கே நிற்பாள்?" என்றார்.

என் கணவர் "யெஸ், சார்" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "யெஸ் சாரா?" என்று கத்தினேன். வீட்டில் நான் அப்படிக் கத்தியது அதுவே முதல்முறை. "இவருக்கு ஒரு யெஸ் சார், அவளுக்கு என்ன வச்சிருக்கீங்க? நீங்க போறீங்களா, இல்ல நான் போயி அங்கயே இருந்துக்கட்டுமா?"

அவர் எழுந்தார். என்னையும் பார்க்கவில்லை, ஹெட்மாஸ்டர் மாமாவையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கினார். குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். போய் என்ன சொல்வார் என்பதுதான் தெரியாது.

காத்திருந்த இருவர்

ஹெட்மாஸ்டர் மாமா போகவில்லை. மழை என்று சொன்னார். டிரைஷாக்காரரை எப்போதோ அனுப்பிவிட்டிருந்தார்.

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் பழைய துணிகளை மடித்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். அவர் இரண்டு முறை இருமினார். மூன்றாம் முறை இருமியபோது நான் எழுந்து ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தேன். தேயிலை போடவில்லை.

"ஃபெரி இப்ப ஓடுமோ, இந்த மழைக்கு?" என்று கேட்டார்.

"ஓடும்."

கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளை நல்லாப் பேசினவள்" என்றார். "அந்த மலை சிறுக்கிற இடம்."

காலையில் மேடையில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது, காலியான வீட்டில், என்னிடம் சொல்கிறார். அதற்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு அவர் உயிரோடு இருந்தாலும் சொல்லமாட்டேன்.

பிள்ளை உயிரோடு இருக்கிறாள், சாப்பிட்டுவிட்டாள் என்று தெரிந்த பிறகும் என் பயம் போகவில்லை. என் கணவர் அங்கே போய் வழக்கம்போலச் சமாதானம் பேசிக் கூட்டி வந்துவிட்டால்? 'பெரியவர்தானே, விடு' என்று சொல்லிவிட்டால்? அவள் வந்துவிடுவாள். வீட்டுக்குள் நடமாடுவாள். காலையில் பார்த்தாளே, அந்தப் பார்வையோடு.

விளக்குப் போடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வாசல் இரும்புக் கதவு கிறீச்சிட்டது.

முதலில் நளா வந்தாள். என் தம்பி மனைவியின் சட்டையும் கைலியும் அவளுக்குத் தொளதொளவென்று இருந்தன. கையில் ஒரு பை. அதற்குள் அவளுடைய ஈரமான வெள்ளைச் சட்டை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கவில்லை.

பின்னால் அவர். தலையிலிருந்து பாதம்வரை தண்ணீர். சட்டைப் பையில் வைத்திருந்த பேனா கசிந்து மார்பில் நீலமாகப் பரவியிருந்தது. நான் துண்டை நீட்டினேன். வாங்கவில்லை. நளாவைத் தாண்டி உள்ளே வந்து ஹெட்மாஸ்டர் மாமாவின் முன்னால் நின்றார். கைகள் தாமாகவே உடம்போடு ஒட்டப் போயின. அதைக் குனிந்து பார்த்தார். ஒரு கையை எடுத்து, பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு தமிழில் சொன்னார்:

"மாமா, காலமை நான் சொன்னதைத் திருப்பி எடுக்கிறன். சொல்ல வேண்டிய ஆள் சொல்லேல்லை. அவளுக்காகச் சொல்ல நான் ஆர்? மழை இன்னும் விடேல்லை. குடை கதவுக்குப் பின்னாலை கிடக்கு, எடுத்துக்கொண்டு போங்கோ."